விடைகளை மூடிவைத்துவிட்டு வாதத்தைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்

நுழைவுத் தேர்வுகளில் வாதங்களை ஆராயச் சொல்லும் கிரிட்டிக்கல் ரீசனிங் பகுதியைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், அதற்கான பயிற்சித் தாள்களைத் தயாரிப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

ஒரு சிறு பத்தி, ஒரு கேள்வி, ஐந்து விடைகள். பார்க்க எளிய வடிவம்தான். ஆனால் தேர்வுகளில் இதன் எடை அண்மைக் காலத்தில் நன்றாகவே கூடியிருக்கிறது. மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட் 2023 நவம்பரில் புதிய வடிவத்துக்கு வந்தபோது வெர்பல் (மொழித்திறன்) பகுதியிலிருந்து வாக்கியப் பிழை திருத்தும் சென்டன்ஸ் கரெக்‌ஷன் போய்விட்டது. இப்போது அங்கே மிஞ்சியிருப்பவை வாசிப்புப் பத்திகளும் வாத வினாக்களும் மட்டுமே: 45 நிமிடத்தில் 23 வினா. சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான எல்சாட் 2024 ஆகஸ்டில், விதிகளைக் கொண்டு ஆட்களையும் பொருள்களையும் வரிசைப்படுத்தச் சொல்லும் லாஜிக் கேம்ஸைக் கைவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு லாஜிக்கல் ரீசனிங் (இதே போன்ற வாத வினாக்கள்) பகுதியை வைத்தது. இலக்கண விதியை மனப்பாடம் செய்தோ, கட்டம் போட்டுப் பழகியோ மதிப்பெண்ணைத் தேற்றிக்கொண்ட வழி அடைபட்டுவிட்டது. ஒரு வாதத்தைக் கையிலெடுத்து அது எங்கே நிற்கிறது, எங்கே நொண்டுகிறது என்று சொல்லத் தெரிந்தவருக்கே இனி மதிப்பெண்.

அப்படியிருக்க, பல வகுப்புகளில் இன்னும் நடப்பது வேறு. வினா வகைகளின் பட்டியல், ஒவ்வொரு வகைக்கும் ஒரு சூத்திரம், நாளைக்கு ஐம்பது வினா, இரவில் விடைத்தாள், 'அடுத்த தாள்'. இந்த முறையில் மாணவர் முதல் மாதம் முன்னேறுவார். பிறகு ஒரே மதிப்பெண்ணில் மாதக்கணக்காக நின்றுவிடுவார். உழைப்புக் குறைவால் அல்ல, பழகும் விதத்தால்தான் அவர் அங்கே நிற்கிறார். அதை மாற்ற முடியும் என்பதால்தான் இந்த மடல்.

முதலில் சொல் பிடிக்கும் பழக்கம். 'ஆகவே' வந்தால் முடிவு, 'ஏனெனில்' வந்தால் காரணம் என்று பலகையில் எழுதிப்போடுகிறோம். தேர்வுக்கு வினா எழுதுபவர்களுக்கும் இது தெரியும். இப்படி ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள்: 'பழைய பாலம் குறுகலானது, ஆகவே புதிய பாலம் கட்ட வேண்டும் என்கிறார் பொறியாளர். அது வீண் செலவு. காலையில் வண்டிகள் தேங்குவது பாலத்தில் அல்ல, பாலம் முடியும் சந்திப்பில்.' சொல் பிடிப்பவர் பொறியாளரின் முடிவைப் பிடித்துக்கொண்டு போவார். எழுதியவரின் முடிவு 'அது வீண் செலவு' என்ற மூன்று சொல் வாக்கியம். அதற்கு முன்னால் எந்த அடையாளச் சொல்லும் இல்லை. முடிவைக் கண்டுபிடிக்க 'ஏன்?' என்று கேட்டால் போதும். 'வீண் செலவு' என்றதும் 'ஏன்?' என்று கேளுங்கள். பத்தியே பதில் சொல்கிறது. 'வண்டிகள் சந்திப்பில் தேங்குகின்றன' என்றதும் 'ஏன்?' என்று கேளுங்கள். பத்தியில் பதில் இல்லை. பதில் கிடைக்கும் வாக்கியம் முடிவு, பதிலாக நிற்கும் வாக்கியம் காரணம். இரண்டு வாக்கியங்களுக்கும் பதில் கிடைத்தால், ஒன்று இடைமுடிவு. அது மற்றதைத் தாங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, விடைகளைப் பார்க்கும் முன் வாதத்தில் இருக்கும் ஓட்டையைப் பார்ப்பது. எல்லோரும் இதைச் சொல்லித்தருகிறோம். வகுப்பில் செய்ய வைப்பவர்கள் குறைவு. விடைகள் அச்சில் கண்முன்னே இருக்கும்வரை கண் அங்கேதான் ஓடும். பத்தியையும் கேள்வியையும் மட்டும் திரையில் காட்டுங்கள். மாணவர் முடிவை ஒரு வரியிலும் ஓட்டையை ஒரு வரியிலும் எழுதட்டும். பிறகே ஐந்து விடைகளையும் திறந்துவிடுங்கள். ஒரு வினாவைக் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

'நகர நூலகம் ஒன்று தாமதக் கட்டணத்தை முற்றிலும் நீக்கியது. அடுத்த ஓராண்டில் இரவல் போன நூல்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 20 விழுக்காடு கூடியது. தாமதக் கட்டணத்துக்கு அஞ்சியே இதுவரை பலர் நூல் எடுக்காமல் இருந்திருக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெளிவு.' இந்த வாதம் எந்த அனுமானத்தின்மேல் (வெளியே சொல்லாமல் மெய் என்று எடுத்துக்கொண்ட கூற்றின்மேல்) நிற்கிறது?

அ. தாமதக் கட்டணத்தால் வந்த வருவாய் நூலகத்தின் செலவில் சிறு பகுதிதான்.
ஆ. கட்டணத்துக்கு அஞ்சியவர்கள் எல்லோரும் நூல் எடுப்பதை அடியோடு நிறுத்தியிருந்தார்கள்.
இ. ஏற்கெனவே நூல் எடுத்துவந்தவர்கள் மேலும் அதிகமாக எடுத்தது மட்டுமே இந்தக் கூடுதலுக்குக் காரணம் அல்ல.
ஈ. இனி வரும் ஆண்டுகளிலும் இரவல் எண்ணிக்கை கூடும்.
உ. கட்டணம் நீங்கியபின் வாசகர்கள் நூல்களை முன்பைவிடத் தாமதமாகத் திருப்பித் தரவில்லை.

ஓட்டை எது என்று கேட்டால் வகுப்பில் பாதிப்பேருக்கு மேல் 'வேறு காரணம் இருக்கலாம்' என்பார்கள். நூலகம் புதுநூல்கள் வாங்கியிருக்கலாம், திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டியிருக்கலாம். சரிதான். ஆனால் அந்த ஓட்டையை அடைக்கும் விடை ஐந்தில் ஒன்றுகூட இல்லை. இன்னொரு ஓட்டை இருக்கிறது: காரணம் சொல்வது நூல்களின் எண்ணிக்கையைப் பற்றி, முடிவு பேசுவதோ ஆட்களைப் பற்றி. பழைய வாசகர்களே ஆளுக்கு இரண்டு நூல் கூடுதலாக எடுத்திருந்தாலும் 20 விழுக்காடு வந்துவிடும். எடுக்காமல் இருந்த எவரும் உள்ளே வந்திருக்க வேண்டியதில்லை. இ அந்த ஓட்டையை அடைக்கிறது, அதுதான் விடை. முன்கூட்டியே ஊகித்துவிட்டு அந்த ஊகத்தை மட்டும் ஐந்து விடைகளிலும் தேடுகிற மாணவர் இ-யை 'நான் நினைத்தது இதுவல்ல' என்று தள்ளிவிடுவார். அதனால் ஓட்டையைச் சொல்லும்போது 'காரணத்தில் உள்ள எந்தச் சொல் முடிவில் வேறு சொல்லாக மாறியிருக்கிறது?' என்றும் கேட்கச் சொல்லுங்கள். நூல் ஆளாக மாறியது. எண்ணிக்கை விகிதமாக மாறும். 'புகார் குறைந்தது' என்பது 'குறை குறைந்தது' என்று மாறும். பெரும்பாலான நல்ல வினாக்களின் உயிர் இந்தச் சொல்மாற்றத்தில்தான் இருக்கிறது.

இனி மறுத்துப் பார்க்கும் சோதனை. அனுமான வினாவில் ஒரு விடையை மறுத்தால் வாதம் விழ வேண்டும். விழாவிட்டால் அது அனுமானம் அல்ல. இ-யை மறுங்கள்: 'பழைய வாசகர்கள் அதிகமாக எடுத்தது மட்டுமே காரணம்.' வாதம் விழுந்தது. உ-வை மறுங்கள்: 'முன்பைவிடத் தாமதமாகத் திருப்பித் தந்தார்கள்.' தரட்டுமே, கட்டணத்துக்கு அஞ்சியிருந்தார்கள் என்ற முடிவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. கட்டணத்தை நீக்கியது நல்ல முடிவா என்பதல்ல இங்கே பேச்சு.

இப்போது ஆ. இங்கேதான் தமிழில் சிந்திக்கும் மாணவர் ஒரு குழியில் விழுகிறார். அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கும் ஆசிரியருக்கு அந்தக் குழி கண்ணில் படுவதேயில்லை. 'எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள்' என்பதன் மறுப்பு என்ன? மாணவர் இயல்பாக 'எல்லோரும் நிறுத்தவில்லை' என்கிறார். தமிழில் இந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருள். 'ஒருவரும் நிறுத்தவில்லை' என்றும் கேட்கலாம், 'சிலர் நிறுத்தினார்கள், எல்லோரும் அல்ல' என்றும் கேட்கலாம். முதல் பொருளில் எடுத்தால் வாதம் விழுந்துவிடும். மாணவர் ஆ-வைத் தேர்ந்துவிடுவார். சரியான மறுப்பு இரண்டாவது: அஞ்சியவர்களில் ஒருவராவது நிறுத்தாமல் தொடர்ந்தார். அதனால் வாதத்துக்கு ஒரு குறையும் இல்லை; மற்ற பலர் நிறுத்தியிருந்தாலே முடிவு நிற்கும். ஆகவே ஆ அனுமானம் அல்ல, வாதத்துக்குத் தேவைப்படாத அளவு மிகைப்பட்ட கூற்று.

இந்தக் குழியைத் தாண்ட எளிய வழி, வாக்கியத்துக்குள் கைவைக்காமல் கடைசியில் 'என்பது பொய்' என்று சேர்ப்பது. 'எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள் என்பது பொய்' என்றால் பொருள் மயங்காது. 'ஒருவர்கூட வரவில்லை என்பது பொய்': அப்படியானால் ஒருவராவது வந்தார். 'பெரும்பாலோர் வந்தார்கள் என்பது பொய்': பாதிப்பேரோ அதற்கும் குறைவோதான் வந்தார்கள். 'சிலர்' என்ற சொல்லுக்கும் தனியாக ஐந்து நிமிடம் கொடுங்கள். பேச்சில் 'சிலர் வந்தார்கள்' என்றால் மற்றவர்கள் வரவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். தேர்வு மொழியில் அதன் பொருள் 'குறைந்தது ஒருவர்'. எல்லோரும் வந்திருந்தாலும் அந்த வாக்கியம் மெய்தான்.

தமிழ் குழி மட்டும் வெட்டவில்லை, ஏணியும் வைத்திருக்கிறது. போதுமான நிபந்தனைக்கும் தேவையான நிபந்தனைக்கும் உள்ள வேறுபாட்டை அம்புக்குறி போட்டு வாரக்கணக்கில் நடத்துகிறோம். அதே வேறுபாட்டை நம் மொழி ஒரு 'தான்' போட்டுக் காட்டிவிடுகிறது. 'சீட்டு இருந்தால் உள்ளே விடுவார்கள்': சீட்டு போதும். 'சீட்டு இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்': சீட்டு வேண்டும், ஆனால் அது மட்டும் போதும் என்று யாரும் சொல்லவில்லை. ஆங்கிலப் பத்தியில் 'இஃப்' வந்தால் '-ஆல்', 'ஒன்லி இஃப்' வந்தால் '-ஆல்தான்' என்று மாணவர் மனதுக்குள் படிக்கட்டும். 'அன்லெஸ்' வந்தால் 'இல்லாவிட்டால்'. பேச்சில் '-ஆல்' என்பதையே சில நேரம் '-ஆல்தான்' என்ற பொருளில் எடுத்துக்கொள்கிறோம் என்பதையும் சொல்லி எச்சரியுங்கள். தேர்வுத்தாளில் அந்தச் சலுகை கிடையாது.

விடை விளக்கங்களைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 'அவுட் ஆஃப் ஸ்கோப்' (பத்தியின் எல்லைக்கு வெளியே) என்ற மூன்று சொற்களில் ஒரு விடையைத் தள்ளிவிடும் விளக்கம் விளக்கமே அல்ல. வாதத்தைப் பலவீனப்படுத்தச் சொல்லும் வினாவில் சரியான விடை பெரும்பாலும் பத்தியில் இல்லாத புதுச் செய்தியாகத்தான் இருக்கும். நூலக வாதத்தை உடைக்க 'அதே ஆண்டில் நூலகம் இரண்டு புதிய கிளைகளைத் திறந்தது' என்று ஒரு விடை வந்தால், பத்தியில் கிளை என்ற சொல்லே இல்லையே என்று தள்ளலாமா? 'பத்தியிலிருந்து எது உறுதியாகப் பெறப்படும்?' என்ற வினாவிலோ புதுச் செய்தி வந்தாலே சந்தேகப்பட வேண்டும். ஒரே சொல் ஒரு வகையில் சரியான காரணம், இன்னொரு வகையில் தவறான காரணம். அந்தப் பொதுச்சொல்லை விட்டுவிட்டு, 'இது மெய் என்றே வைத்துக்கொள்வோம். முடிவுக்கு என்ன ஆகிறது?' என்று எழுதுங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால், ஏன் ஆகவில்லை என்று ஒரு வரி.

'எல்லாம், ஒருபோதும், மட்டுமே என்று வரும் விடைகளைத் தொடாதே' என்ற விதியும் இதே ரகம். பெறப்படும் கூற்றைக் கேட்கும் வினாவில் மென்மையான சொல் பாதுகாப்பானது. அங்கே விதி ஓரளவு வேலை செய்கிறது. வாதத்தை வலுப்படுத்தவோ உடைக்கவோ கேட்கும்போது கதை திரும்பிவிடும். வலுவான கூற்றுத்தான் அதிகம் நகர்த்தும், 'சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம்' என்ற மென்மையான விடையால் எதையும் அசைக்க முடியாது. எல்சாட்டில், எந்தக் கூற்றைச் சேர்த்தால் முடிவு தப்பாமல் வந்துசேரும் என்று கேட்கும் வினாக்களில் 'எல்லா' என்று வரும் விடை சரியாக இருப்பது வழக்கம். ஓட்டையை முழுவதும் மூட அவ்வளவு பெரிய மூடி வேண்டும். மேலே கண்ட ஆ தவறானதும் 'எல்லோரும்' என்ற சொல் இருந்ததால் அல்ல. வாதத்துக்கு அது தேவைப்படாததால்.

வாதத்தை மதிப்பிட எந்தத் தகவல் வேண்டும் என்று கேட்கும் வினாக்களுக்கு நாம் மிகக் குறைவான நேரம் ஒதுக்குகிறோம். 'ஓர் ஆலையில் சென்ற ஆண்டு பகல் பணியில் 24 விபத்துகள், இரவுப் பணியில் 8. ஆகவே அங்கே தொழிலாளருக்கு இரவுப் பணியே பாதுகாப்பானது.' எந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் இதை மதிப்பிடலாம்? இரு பணிகளிலும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற கேள்விக்கு. அது சரியான விடை என்பதை உறுதிசெய்ய, கேள்விக்கு இரு கோடியிலும் பதில் போட்டுப் பார்க்க வேண்டும். பகலில் 300, இரவில் 300 என்றால் முடிவு நிற்கிறது. பகலில் 600, இரவில் 100 என்றால் பகலில் நூற்றுக்கு 4, இரவில் நூற்றுக்கு 8, முடிவு தலைகீழ். ஒரு பதிலுக்கு வாதம் வலுத்து, மற்றதற்குத் தளர்ந்தால் அந்தக் கேள்வி பொருத்தமானது. 'மற்ற ஆலைகளில் விபத்து எவ்வளவு?' என்பதற்கு எந்தப் பதில் போட்டாலும் இந்த ஆலையின் இரவும் பகலும் அப்படியே இருக்கும்.

வெளியறிவு பற்றி ஒரு வரி போதும்: காரணமாகக் கொடுத்த செய்தி மெய் என்று ஒப்புக்கொள்வதே இந்த விளையாட்டின் விதி, தாக்க வேண்டியது செய்திக்கும் முடிவுக்கும் இடையே உள்ள இணைப்பை. துறை அறிவு அதிகமுள்ள மாணவர்கள்தான் இதில் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

பயிற்சித் தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளுக்கு ஒரு தாள் வெளியிட வேண்டும் என்ற அவசரத்தில் எழுதப்படும் வினாக்கள் மாணவரின் காதைக் கெடுக்கின்றன. இரண்டு விடைகள் ஏறத்தாழ சமமாக நிற்பது, சரியான விடையை ஏற்கப் பொது அறிவு தேவைப்படுவது, பத்தியில் முடிவே இல்லாமல் 'இதை வலுப்படுத்துக' என்று கேட்பது: இந்த மூன்றும் மலிந்திருக்கின்றன. இப்படிப்பட்ட தாளில் பழகியவர் தேர்வில் சரியான விடையைப் பார்த்தும் 'இன்னொன்றும் சரியாகத்தானே இருக்கிறது' என்று தயங்குவார். அசல் வினாவில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. நான்கு விடைகள் சொல்லிக்காட்டக்கூடிய காரணத்தால் தவறு. ஒரு வினாவை வெளியிடும் முன், தவறான நான்கில் ஒவ்வொன்றும் எந்தச் சொல்லில் உடைகிறது என்று உங்களால் கோடிட்டுக் காட்ட முடியாவிட்டால், அதை வெளியிடாதீர்கள். கணினியிடம் கேட்டு நொடியில் வாங்கிய நூறு வினாக்களுக்கும் இதே சோதனைதான். தேர்வை நடத்தும் அமைப்புகளே வெளியிட்ட பழைய வினாக்கள் போதுமான அளவு இருக்கின்றன. எல்சாட்டின் பழைய லாஜிக்கல் ரீசனிங் பகுதிகள் ஜிமேட் எழுதுபவருக்கும் நல்ல உரம்.

அளவு? ஒரு நாளுக்குப் பத்து வினா போதும். ஆனால் அந்தப் பத்துக்கும் இரண்டு சுற்று. முதல் சுற்று கடிகாரத்தோடு. ஜிமேட்டில் ஒரு வினாவுக்குச் சராசரி இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, எல்சாட்டில் 35 நிமிடத்துக்குச் சுமார் 25 வினா என்பதால் ஒரு நிமிடம் 24 வினாடி. உறுதியில்லாதவற்றில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளட்டும். இரண்டாம் சுற்று, விடைத்தாளைப் பார்க்கும் முன், கடிகாரம் இல்லாமல், புள்ளி வைத்தவற்றை மீண்டும் போடுவது. அதற்குப் பிறகே சரிபார்ப்பு. முதல் சுற்றில் தவறி இரண்டாவதில் சரியானால் தெரிந்ததை வேகத்தில் விட்டிருக்கிறார். இரண்டிலும் தவறினால் அவருக்கு வாதமே பிடிபடவில்லை. இந்த இரண்டுக்கும் மருந்து வேறு. விடைத்தாளை உடனே கொடுத்துவிட்டால் எந்த நோய் என்றே தெரியாமல் போகிறது. முதல் மூன்று நான்கு வாரம் கடிகாரமே வேண்டாம். நேரம் மிச்சமாவது பத்தியை ஓட்டமாகப் படிப்பதால் அல்ல. பத்தியில் 45 வினாடி நிதானமாக நின்றவர் ஐந்து விடைகளில் மூன்றை ஒரே பார்வையில் தள்ளிவிடுவதால்.

தவறு நோட்டில் 'கவனக்குறைவு' என்று எழுத அனுமதிக்காதீர்கள். அந்தச் சொல் எதையும் திருத்தாது. நான்கு செய்திகள் இருக்கட்டும்: முடிவு என் சொல்லில், ஓட்டை, நான் எடுத்த தவறான விடை என்னை எதைக் காட்டி இழுத்தது, அது எந்தச் சொல்லில் உடைகிறது. மூன்றாவதுதான் பொன். இருபது முப்பது வினாக்களுக்குப் பிறகு நோட்டில் அந்த மூன்றாவது செய்தியை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் அவரவர் பலவீனம் தெரிந்துவிடும்: ஒருவர் பத்தியின் சொற்களை அப்படியே திருப்பிச் சொல்லும் விடைக்கு மயங்குவார், ஒருவர் கேள்வி உடைக்கச் சொன்னால் வலுப்படுத்தும் விடையை எடுப்பார், ஒருவர் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையையும் விழுக்காட்டையும் குழப்புவார். மூன்று வாரம் கழித்து அதே வினாக்களை விடைகளை மூடிவைத்து மீண்டும் கொடுங்கள். விடை எழுத்து நினைவிருந்தாலும் பரவாயில்லை. ஓட்டையைத் தன் சொல்லில் சொல்ல முடிகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

அடுத்த வகுப்பிலேயே தொடங்கலாம். ஐம்பது வினாத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, நான்கு வினாக்கள், விடைகள் மூடி, ஒரு மணி நேரம். யாரேனும் 'எல்லோரும் நிறுத்தவில்லை' என்று மறுத்தால், அங்கேயே நிறுத்தி, எந்தப் பொருளில் சொன்னார் என்று கேளுங்கள்.

அன்புடன்,
இந்தப் பாடத்தில் உங்களோடு உழைக்கும் சக ஆசிரியர்